ஒரு சிகரட் 168 ரூபாய்: வீட்டில் சுற்றப் போய் நான் பட்ட பாடு

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடையில் சிகரட் ஒன்று நூறு ரூபாயைத் தாண்டிவிட்டது, வீட்டில் நாமே சுற்றிக்கொண்டால் முப்பது நாற்பதுக்குள் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். மூன்றரை மாதம் கழித்து, கொப்பியில் எழுதி வைத்த செலவைக் கூட்டினேன். 40,300 ரூபாய். அந்தக் காசுக்கு உருப்படியாக வந்த சிகரட் 240. வகுத்துப் பார்த்தால் ஒன்று 168 ரூபாய் விழுகிறது. மட்டக்களப்புக் கல்லடியில் சின்னதாக ஒரு போட்டோக் கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு எத்தனை சதம் மை போகிறது என்றுகூடப் பார்க்கிற ஆள் நான். அந்த எனக்கே இப்படி ஆனதால்தான் எழுதுகிறேன். இதைச் செய்து காட்டுகிற வீடியோ ஆயிரம் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் குளிர்நாட்டில் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மட்டக்களப்பு மழையில் புகையிலைக்கு என்ன நடக்கும் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

தொடக்கம் மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழா. ஆடி அமாவாசைக்கு லண்டனில் இருந்து அக்காவும் அத்தானும் வந்திருந்தார்கள். அமிர்தகழியில் தீர்த்தம் ஆடிவிட்டு வந்து, பின்வளவு மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு அத்தான் ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே தலைமுடி மாதிரி மெல்லிசாக அரிந்த, பொன்னிறமான புகையிலை. தேனும் உலர்ந்த வைக்கோலும் கலந்த மாதிரி ஒரு வாசம். பக்கத்தில் சின்னத் தாள் கட்டு ஒன்று, பஞ்சு பில்டர் ஒரு பை. பேசிக்கொண்டே, பார்க்காமலே, அரை நிமிடத்தில் ஒன்றைச் சுற்றிப் பற்ற வைத்தார். "அங்க எல்லாரும் இப்பிடித்தான் தம்பி. பெட்டி வாங்கிக் கட்டுப்படியாகாது" என்றார். நாளுக்கு எட்டுக் குடிக்கிறவன் நான். ஒன்றை நூறு ரூபாய் என்றே வைத்தாலும் மாதம் 24,000. மகளின் டியூசன் காசு எவ்வளவு, கடை வாடகை எவ்வளவு என்று மனம் தானாக ஓடியது. போகும்போது மிச்சம் இருந்த அரைப் பொட்டலத்தையும் தாளையும் எனக்கே தந்துவிட்டுப் போனார். அவரில் பிழை இல்லை. கேட்டு வாங்கினவன் நான்தான்.

இதில் இரண்டு வழி இருக்கிறது. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டு சாமான் வாங்கினேன், அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வெறும் தாளில் புகையிலையை வைத்துக் கையால் சுற்றுவது ஒன்று. வெளிநாட்டில் அதை ரோல் யுவர் ஓன் என்கிறார்கள், எழுதும்போது சுருக்கி ஆர்வைஓ. மற்றது, பில்டரோடு ஒட்டி ஆயத்தமாக வருகிற வெற்றுக் குழாய்க்குள் மெஷினால் புகையிலையைத் தள்ளி நிரப்புவது. அது மேக் யுவர் ஓன், எம்வைஓ. குழாய்க்குப் பெயர் டியூப், தள்ளுகிற மெஷின் இன்ஜெக்டர். முதல் வழிக்குத் தாள், பில்டர், விரல் மூன்றும் போதும். விரல் வளையாதவர்களுக்கு ரோலர் என்று உள்ளங்கை அளவு ஒரு சாமான் இருக்கிறது. இரண்டு உருளைக்கு நடுவில் ஒரு சின்னப் படங்கு. புகையிலையைப் போட்டு மூடி இரண்டு மூன்று சுற்று உருட்டி, தாளைச் செருகி, பசையை நனைத்துத் திரும்ப உருட்டினால் ஒன்று விழும். கையால் சுற்றுவதற்கு வாங்கிய தாளை இன்ஜெக்டரில் போட முடியாது, டியூபை ரோலரில் போட முடியாது. வாங்குவதற்கு முன் எந்த வழி என்று முடிவு செய்யாவிட்டால் என்னைப் போல இரண்டு பக்கமும் காசு கரையும்.

கையால் சுற்றுவது பார்க்க இலேசு. தாளின் ஒரு நீள ஓரத்தில் பசைக் கோடு இருக்கும். அது மேல்பக்கம், உங்களைப் பார்த்தபடி இருக்க வேண்டும். ஒரு நுனியில் பில்டரை வைத்து, மீதி நீளத்துக்குப் புகையிலையைப் பரப்ப வேண்டும். இங்கேதான் எல்லோரும் பிழை விடுகிறார்கள். புகையிலை கட்டியாக வரும். அதைப் பிய்த்து உதறி, இழை இழையாகத்தான் போட வேண்டும். பிறகு இரண்டு பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் தாளுக்குள் மேலும் கீழும் உருட்ட வேண்டும். உள்ளே அது ஒரு குச்சி மாதிரி திரள்வது விரலுக்குத் தெரியும். தெரிந்த பிறகுதான் கீழ் ஓரத்தை உள்ளே மடித்து விட வேண்டும். மடிப்பைப் பில்டர் பக்கத்தில் இருந்து தொடங்கினால் கோணாது. பிறகு மேலே உருட்டி, பசையை நாக்கு நுனியால் தொட்டு ஒட்ட வேண்டும். நான் முதல் நாள் பசையை நக்கின நக்கலில் தாளே கிழிந்தது. இறுக்கிச் சுற்றினால் கன்னம் குழி விழ இழுத்தாலும் புகை வராது. தளர்வாகச் சுற்றினால் ஒரு பக்கம் மட்டும் ஓடி எரிந்து தணல் மடியில் விழும். என்னுடைய இரண்டு சாரத்தில் இப்போதும் பொத்தல் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சுற்றும் அளவுக்கு வர எனக்கு மூன்று கிழமை எடுத்தது.

அத்தான் தந்த தாள் முடிந்தது. என் கடை முழுக்கத் தாள்தானே, அதில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தாள் விற்கிறவனுக்கு இருக்கிற திமிர். போட்டோக் கொப்பித் தாள் ஒரு சதுர மீட்டர் 80 கிராம். சிகரட் சுற்றும் தாள் 12 முதல் 20 கிராம்தான். அவ்வளவு மெல்லிசாக இருந்தால்தான் புகையிலையின் வேகத்துக்குத் தாளும் எரியும். பசைகூடக் கண்ட கண்ட பசை இல்லை, பெரும்பாலும் அக்கேசியா மரத்துப் பிசின். வாயில் வைக்கிற பொருள். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அன்றைக்கு ட்ரேசிங் தாளை வெட்டிச் சுற்றிப் பார்த்தேன். புகையிலை மணக்கவே இல்லை, குப்பை கொளுத்தின மணம்தான் வந்தது. தொண்டை இரண்டு நாள் கரகரத்தது. ரசீதுத் தாள், அச்சடித்த பத்திரிகைத் தாள், கொப்பி ஒற்றை எதையும் பற்ற வைத்து இழுக்காதீர்கள். அதில் மையும் பூச்சும் இருக்கிறது.

சரியான தாள் தேடி ஊருக்குள் ஏறி இறங்கினேன். கடைக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். ஏன் என்று அப்போது விளங்கவில்லை. அறுகம்பையில் கிடைக்கும் என்று ஒருவர் சொன்னார். அலைச் சறுக்கு ஆட வருகிற வெள்ளைக்காரர்கள் பாதிப் பேர் சுற்றித்தான் குடிக்கிறார்கள். ஒரு ஞாயிறு கடையைப் பூட்டிவிட்டு, கல்முனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் போய், அங்கிருந்து ஆட்டோவில் இறங்கினேன். போக வர ஒரு முழு நாள். உல்லாசப் பயணி விலையில் தாளும் பில்டரும் 3,200 ரூபாய். தாள் வாங்கும்போது அளவைப் பாருங்கள். சாதாரணத் தாள் 70 மில்லிமீட்டர் நீளம், கட்டுக்கு 50 இருக்கும். கிங் சைஸ் என்று நீளமாக 110 மில்லிமீட்டர் வரையில் வருவது வேறு. பில்டரும் மெல்லிசு 6 மில்லிமீட்டர், சாதாரணம் 8 என்று வரும். எனக்குத் தெரியாது. நீளமாக இருந்தால் ஒட்ட வெட்டி இரண்டாகப் பாவிக்கலாமே என்று கிங் சைஸில் மூன்று கட்டு எடுத்தேன்.

வரும் வழியில் பஸ்ஸை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். என் பையைத் திறந்தவர் அந்த நீளத் தாள் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் கடைக்காரர்களின் பார்வை விளங்கியது. நீளத் தாள் என்றால் இங்கே எல்லோருக்கும் நினைவு வருவது கஞ்சா. கீழே இறக்கி, சட்டைப் பை, பேர்ஸ், செருப்பு வரைக்கும் பார்த்தார்கள். பையில் புகையிலையே இல்லை, தாள் மட்டும்தான். அது இன்னும் மோசம். "சிகரட் சுத்தத்தான் சேர்" என்றால் சிரிக்கிறார்கள். இருபது நிமிடம் பஸ் எனக்காக நின்றது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த முகங்களில் ஒன்று மகளோடு படிக்கிற பிள்ளையின் தாய். ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனாலும் கல்லடி வரும்வரை தலையைக் குனிந்துகொண்டே வந்தேன். தாள் கொண்டு திரிகிறவர்கள் சின்ன அளவுத் தாளாக, வாங்கின புகையிலைப் பொட்டலத்தோடும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் இருக்கிறது, புகையிலை முடிந்தது. செப்டம்பரில் சந்தைக்குப் போனேன். வெற்றிலைக்குப் போடுகிற புகையிலை, கறுப்பு, பாணி மணம் அடிக்கிற இலை. இரண்டு கட்டு 2,400 ரூபாய். விற்ற காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) முகத்துக்கு நேரேயே சொன்னார்: "தம்பி, இது வாய்க்குப் போடுற சாமான். பத்துறதுக்கு இல்ல." நான் கேட்டேனா? இலைதானே, எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்தேன். ஒன்று இல்லை. சிகரட்டுக்குப் போகிற வேர்ஜீனியா இலையைச் சூளையில் சூடான காற்றுக் கொடுத்து மஞ்சளாகவே உலர்த்துவார்கள். அதில் சீனிச் சத்து மிஞ்சும். பர்லி என்பது நிழலில் காற்றாட உலர்த்துவது. ஓரியண்டல் சின்ன இலை, வெயிலில் காய்வது. பல சிகரட்டுக்கு இவற்றைக் கலந்து போடுவார்கள். வாய்க்குப் போடுகிற இலையின் பதமும் காரமும் வேறு, அது புகையாக இழுப்பதற்குச் செய்ததே இல்லை.

இலை காய்ந்து நொறுங்கியது. தண்ணீர் தெளித்து இளக்கி, நடு நரம்பை உரித்து, மெல்லிசாக அரிய வேண்டும். கத்தியால் அரிந்து சலித்துப்போய், கடையில் தாள் வெட்டுகிற கட்டரில் வைத்து வெட்டினேன். அடுத்த நாள் ஒரு பிள்ளையின் சான்றிதழ்ப் பிரதியை ஓரம் வெட்டிக் கொடுத்தால், விளிம்பு நெடுக மண்ணிறக் கறை. திரும்ப அடித்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அது சின்ன விசயம். பெரிய விசயம், ஈர இலையை வெறுங்கையால் மூன்று மணித்தியாலம் பிசைந்தது. பின்னேரம் அதில் இரண்டு சுற்றிக் குடித்தேன். ஏழு மணி போல வாயில் எச்சில் ஊறத் தொடங்கியது. பிறகு குளிர் வேர்வை, தலைச் சுற்று, நெஞ்சு படபட என்று அடித்தது. முற்றத்தில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன். மனைவி நெஞ்சுவலி என்றே நினைத்துவிட்டாள். ஆட்டோ பிடித்துத் தனியார் மருத்துவர் ஒருவரிடம் கொண்டுபோனாள். இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "கையால ஈரப் பொயில பிடிச்சீங்களா?" நிகோடின் தோல் வழியாகவும் ஏறும். தோட்டத்தில் நனைந்த இலை பறிக்கிற கூலியாட்களுக்கு இது வருகிறதாம், பச்சைப் புகையிலை நோய் என்று பெயரே இருக்கிறது என்றார். எனக்குக் கை வழியாகவும் புகை வழியாகவும் இரட்டை அடி. மருந்துச் செலவோடு 3,500. இலையைக் கையாளத்தான் வேண்டும் என்றால் ரப்பர் கையுறை போடுங்கள். என்னைக் கேட்டால் வெற்றிலைப் புகையிலைப் பக்கமே போகாதீர்கள்.

அங்கேயே விட்டிருக்கலாம். எனக்கோ போட்ட காசை எடுக்க வேண்டும் என்ற பிடிவாதம் வந்துவிட்டது. சீட்டாட்டத்தில் தோற்றவன் எழும்பாமல் இருக்கிற மாதிரித்தான். ஃபேஸ்புக்கில் ஒருவரைப் பிடித்தேன். கொழும்பு. இன்ஜெக்டர் 6,500. 200 டியூப் கொண்ட பெட்டி 2,400, இரண்டு பெட்டி 4,800. அசல் வேர்ஜீனியா என்று சொல்லி அரைக் கிலோ புகையிலை 18,000. காசை முன்கூட்டியே போட்டேன். பார்சல் பஸ்ஸில் வந்தது. புகையிலை ஒரு வெறும் பொலித்தீன் பையில் இருந்தது. எழுத்தும் இல்லை, படமும் இல்லை. இலங்கையில் சட்டப்படி விற்கிற சிகரட் பெட்டியில் 80 வீதம் நோய்ப் படமும் எச்சரிக்கையும்தான் இருக்கும், தினமும் பார்க்கிறோம். படம் இல்லாத பொட்டலம் எந்த வழியாக வந்தது என்று யோசிக்க வேண்டாமா? யோசித்தேன். யோசித்துவிட்டுப் பையை உள்ளே வைத்தேன்.

கையில் பிடித்தபோதே பாரமாக இருந்தது. 1,900 ரூபாய்க்கு ஒரு சின்ன மின் தராசு வாங்கி நிறுத்தேன். அரைக் கிலோ சரியாக இருந்தது. ஆனால் ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாக அப்படியே நின்றது. இதுதான் பதம் பார்க்கிற வழி: ஒரு சிட்டிகையை அமுக்கி விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம். பொடியாக நொறுங்கினால் காய்ந்துபோனது. அமுக்கி விட்டதும் மெல்ல மெல்ல விரிந்து வந்தால் பதம். பத்திரிகை விரித்து மூன்று நாள் நிழலில் உலர்த்திவிட்டு நிறுத்தால் 410 கிராம். ஒரு கிராம் 36 ரூபாய்ப்படி 90 கிராம் தண்ணீருக்கு நான் கொடுத்தது 3,240 ரூபாய். அரிதட்டில் சலித்தால் இன்னும் 60 கிராம் தூளும் காம்பும் கீழே விழுந்தது. மிஞ்சியது 350. புகையிலையை எடைக்கு வாங்குகிறவர்கள் முதலில் ஐம்பது கிராம் மட்டும் வாங்கி, உலர்த்தி, சலித்து, பிறகு நிறுத்துப் பார்த்துவிட்டு மிச்சத்துக்குக் காசு போடுங்கள்.

இன்ஜெக்டரின் வேலை இதுதான். மேலே ஒரு பள்ளம், அதில் புகையிலையை நிரப்புவது. பக்கத்தில் ஒரு சின்ன மூக்கு, அதில் டியூபை மாட்டுவது. கைப்பிடியைத் தள்ளினால் உள்ளே இருக்கிற கரண்டி மாதிரியான சாமான் புகையிலையை அப்படியே டியூபுக்குள் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வரும். கிங் சைஸ் டியூப் பில்டரோடு 84 மில்லிமீட்டர். 100 மில்லிமீட்டர் டியூபும் இருக்கிறது, ஆனால் மெஷின் எந்த அளவுக்கோ அந்த அளவைத்தான் வாங்க வேண்டும். முதல் இரவு இருபது போட்டேன், பதினொன்று கிழிந்தது. காரணம் ஒவ்வொன்றாகத்தான் பிடிபட்டது. சலிப்பில் தப்பிய ஒரு காம்பு போதும், டியூபின் வயிற்றைக் கீறிக்கொண்டு வெளியே வரும். பள்ளத்தை அமுக்கி அமுக்கி நிரப்பினால் கரண்டி நடுவில் சிக்கும். அப்போது பலத்தைக் கூட்டித் தள்ளக் கூடாது, திறந்து குறைக்க வேண்டும். இரண்டு முனையிலும் கொஞ்சம் கூடுதலாகவும் நடுவில் சமமாகவும் போட்டால் பில்டர் பக்கம் வெற்றிடம் விழாது, நுனியில் இருந்து கொட்டாது. கையால் சுற்றுவதற்கு இருக்கிற ஈரத்தைவிட இன்ஜெக்டருக்குக் கொஞ்சம் உலர்வாக இருக்க வேண்டும். ஒன்றுக்கு முக்கால் கிராமில் இருந்து ஒரு கிராம் வரை பிடிக்கும். எனக்கு 0.8 கிராம் சரியாக வந்தது. பத்துக்கு ஒரு தடவை மூக்கைப் பழைய பல் துலக்கியால் துப்பரவு செய்தால் கிழிவது பாதியாகக் குறையும். கை பழகிய பிறகு இருபது போட அரை மணித்தியாலம். கடையைப் பூட்டி வீட்டுக்கு வந்து, மகள் புலமைப் பரிசில் வினாத்தாள் செய்ய, அதே மேசையின் மறுமுனையில் நான் சிகரட் செய்துகொண்டிருந்தேன். எழுதும்போதே கூசுகிறது.

அந்த இருபது நாளும் நான் உண்மையில் சந்தோசமாக இருந்தேன். நீட்டாக, வெள்ளையாக, ஒரே அளவில், பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கி வைத்த சிகரட். அதைத் திறந்து பார்ப்பதே ஒரு இன்பம். யாரும் வந்தால் "கெமிக்கல் இல்லாதது, நானே செய்தது" என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். பிறகொருநாள் அந்த மருத்துவரிடம் அதே பெருமையைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. எந்த இலையைக் கொளுத்தி இழுத்தாலும் தாரும் கார்பன் மோனோக்சைட்டும் வரும், கம்பனி சுற்றினாலும் நீங்கள் சுற்றினாலும் நெஞ்சுக்கு வித்தியாசம் தெரியாது என்றார். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. டியூப் பெட்டியை எண்ணினால் நாளுக்குப் பன்னிரண்டு போயிருக்கிறது. ஒரு ஞாயிறு பதினாலு. முன்பு எட்டில் நின்றதற்குக் காரணம் என் கட்டுப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. கடை ஒழுங்கை முனையில் இருந்தது, ஒவ்வொன்றுக்கும் எழும்பிப் போக வேண்டும், நூறு ரூபாய்த் தாளை நீட்ட வேண்டும், கடை ஒன்பது மணிக்குப் பூட்டும். என்னைப் பிடித்து வைத்திருந்தது அந்த ஒழுங்கை. டின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்ததும் பிரேக் போய்விட்டது. வீட்டில் செய்தால் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த நாலு சிகரட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மனைவி பெரிதாகச் சண்டை பிடிக்கவில்லை. ஒருநாள் அவளுடைய தங்கை பிள்ளையோடு வந்திருந்தாள், ஒன்றரை வயது. மேசைக்குக் கீழே தவழ்ந்து போய் எதையோ பொறுக்கிக்கொண்டு வந்தது. விரலுக்குள் நாலைந்து இழை புகையிலை. வாய்க்குக் கொண்டுபோன கையை மனைவி தட்டிவிட்டாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொஞ்சப் புகையிலை உள்ளே போனாலும் விசம். "இது அச்சுக்கூடமா, வீடா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு நான் வாசல் திண்ணைக்கு மாறினேன், தாள் விரித்து, முடிந்ததும் கூட்டி அள்ளினேன். முதல் நாளே அப்படித்தான் செய்திருக்க வேண்டும்.

அப்புறம் மழை. ஒக்டோபர் வரை கச்சான் காற்று அடித்ததில் புகையிலை காய்ந்துபோகுமே என்றுதான் பயம். (எங்கள் ஊரில் கச்சான் என்றால் காற்றும் ஆகும், நிலக்கடலையும் ஆகும். வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம்.) காயாமல் இருக்கத் தேசிக்காய்த் தோலைப் போடலாம் என்று எங்கேயோ கேட்டு டின்னுக்குள் போட்டிருந்தேன். அதுதான் வினை. நவம்பரில் வாடைக் காற்று தொடங்கி, நாலு நாள் விடாமல் ஊற்றியது. கடைக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று மெஷினை மேசைக்கு ஏற்றுவதிலேயே நேரம் போனது, டின்னைத் திறக்கவில்லை. திறந்தபோது நனைந்த சாக்கு மணம். தோலைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு படர்ந்து, புகையிலைக்குள்ளும் இழை இழையாக இறங்கியிருந்தது. 158 கிராம். சுளகில் கொட்டி வெயிலில் வைத்தால் சரியாகும் என்று மனம் சொன்னது. வைத்தும் விட்டேன். வெயில் பூஞ்சணத்தைக் காய வைக்குமே தவிர, அது விட்ட நஞ்சை எடுக்காது. காய்ந்த பூஞ்சணத்தைக் கொளுத்தி நெஞ்சுக்குள் இழுக்கப் போகிறோம் என்பது சுளகுக்கு முன்னால் நின்றபோதுதான் தோன்றியது. எடுத்துப்போய்க் குழி வெட்டிப் புதைத்தேன். மாடு தின்றுவிடும் என்ற பயத்தில் குப்பையில் போடவில்லை. ஈரம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் தோலும் வேண்டாம், உருளைக்கிழங்குத் துண்டும் வேண்டாம். உடைந்த மண்சட்டித் துண்டு ஒன்றைக் கழுவித் தண்ணீரில் ஊற வைத்து, துடைத்துவிட்டு டின்னுக்குள் வைத்தால் மெல்ல மெல்ல ஈரம் விடும், தோல் மாதிரி அதுவே பூக்காது. மழைக்காலத்தில் அதுவும் தேவைப்படாது. இறுக்கமாக மூடுகிற கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வைத்தால் ஒன்று போனாலும் மற்றது மிஞ்சும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டின் நிறைந்து கிடந்த நாட்களில் ஒரு நண்பன், "மச்சான், அறுவது ரூவாக்குக் குடன், நான் வித்துத் தாறன்" என்றான். ஒரு இரவு முழுக்க யோசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். சிகரட் செய்து விற்பதற்கு அனுமதி, வரி என்று தனிச் சட்டம் இருக்கிறது. நம் மேசையில் செய்து விற்றால் அது வேறு கதை, வேறு வழக்கு. ஏற்கெனவே பஸ்ஸில் இறக்கி நிறுத்திய அனுபவம் போதும் என்று வேண்டாம் என்றேன். இப்போது கடையில்தான் வாங்குகிறேன், ஒவ்வொன்றாக, எழும்பிப் போய். நாளுக்கு நாலு. மழை நாளில் இரண்டு.

தராசை மனைவி எடுத்துக்கொண்டாள், சரக்குத் தூள் நிறுக்க. 90 டியூபும் இன்ஜெக்டரும் கடை லாச்சிக்குள் கிடக்கின்றன. போன கிழமை ஒரு பொடியன் வந்து, "அண்ணே, சிகரட் அடிக்கிற மெஷின் ஒண்டு விக்க இரிக்காம்" என்றான். 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலை விற்கக் கூடாது என்பது 2006 சட்டம். இது மெஷின், புகையிலை இல்லை. 6,500 ரூபாயில் பாதியாவது வரும். வயதைக் கேட்டேன். பத்தொன்பது. லாச்சியைப் பூட்டிவிட்டு, போட்டோக் கொப்பி எத்தனை வேண்டும் என்று கேட்டேன்.